ரிப்பேருக்கு எங்க போவே?

கேமரா வாங்க யோசனை கேட்டு யாராவது எங்க வீட்டுக்கு வந்தா, உக்காரச் சொல்றதுக்கு முன்னாடியே எங்க வீட்டுக்காரரு ஒரு கேள்வி கேட்டுடுவாரு. "ரிப்பேருக்கு எங்க போவே?"

வந்தவன் முழிப்பான். அந்த நாட்டுக் கண்ணாடி, இந்த நாட்டுக் கண்ணாடின்னு எவனோ சொன்னதையெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்திருப்பான் பாவம். எங்க ஆளு எதையும் காதுல வாங்கமாட்டாரு. "அதெல்லாம் ஷோக்காத்தான் கீது நைனா. நாளைக்கு மக்கர் பண்ணா எங்க எடுத்துகினு போவே? மவுண்ட் ரோட்ல அத்த தொறந்து பாக்க ஆளு கீறானா? இல்லேன்னா வாங்காத. சொம்மா டப்பா மாதிரி இருந்தாலும் பரவால்ல, ரிப்பேருக்கு கடை இருக்கிற மேக்கா பாத்து வாங்கு."

ஆவடியில ஃபேக்டரி குவாட்டர்ஸ்ல இருந்தோம் அப்போ. எழுபதுகள்ல போனஸ் வந்தா ஒருத்தன் ரேடியோ வாங்குவான், இன்னொருத்தன் கேமரான்னு ஆசைப்படுவான். கேமரான்னா எங்க வீட்டுக்குத்தான் வரணும். வந்துட்டுப் போனவங்க தெருமுனை திரும்பினதும் "ரிப்பேர் மாமா என்ன சொன்னாரு?"ன்னு பேசிச் சிரிப்பாங்க. எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்ல. அந்தக் கேள்வி எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். என் தங்கச்சியை ஒரே ஒரு வாட்டி போட்டோ எடுத்தோமே, அதுல இருந்து வந்துச்சு.

நான் பொறந்து வளந்தது கள்ளிக்குப்பம். எங்க நைனா அடுத்தவங்க நிலத்துல நட்டு, அறுத்துப் பொழச்சவரு. எங்கம்மா போனப்போ தங்கச்சிக்கு நடக்கக்கூடத் தெரியாது. அவளை இடுப்புல தூக்கிவச்சு வளத்தவ நான். ஃபிட்டருக்குக் கட்டிக்கொடுத்து நான் ஆவடிக்கு வந்தப்போ, பின்னாலயே பஸ்ஸுல ஏறி உக்காந்துக்கிட்டு எறங்கமாட்டேன்னு அழுதா. கண்டக்டர்தான் சமாதானம் பண்ணி எறக்கிவிட்டாரு.

எங்க நைனாவுக்கு போட்டோன்னாலே ஆகாது. பொட்டிக்குள்ள மூஞ்சி போனா ஆயுசு குறைஞ்சிடும்னு அவருக்கு ஒரு பயம். அதனால எங்க யாருக்கும் சின்ன வயசுப் படம் கிடையாது. தங்கச்சி கல்யாணம் கோயில்ல நடந்துச்சு. அங்கயும் போட்டோக்காரனைக் கூப்பிட விடல. மாப்பிள்ளை பூந்தமல்லிப் பக்கம் செங்கல் சூளையில வேலை செஞ்சவரு. அவருக்கும் அதுல அக்கறை இல்ல. தங்கச்சிக்கு மட்டும் ஏக்கம். குவாட்டர்ஸ்ல பக்கத்து வீட்டுப் பொண்ணு ஒருத்தி, ஜடை நெறைய பூ தச்சு, பின்னால நிலைக்கண்ணாடி வச்சு, மூஞ்சியும் ஜடையும் ஒண்ணா தெரியுற மாதிரி எடுத்த படத்தை மாட்டி வச்சிருந்தா. எங்க வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதைப் போய்ப் பாத்துட்டு வருவா இவ. "யக்கா, ஒரே ஒரு வாட்டி எனக்கும் அந்த மாதிரி எட்த்துரு. அப்பால ஒண்ணும் கேக்கமாட்டேன்"ன்பா.

அந்தச் சமயத்துலதான் எங்க வீட்டுக்குக் கேமரா வந்து சேந்துச்சு. ஃபேக்டரியில வேலை சொல்லிக்கொடுக்க வெளிநாட்டு இஞ்சினியருங்க கொஞ்ச பேரு வந்திருந்தாங்க. ஊருக்குத் திரும்பும்போது ஃபேன், பூட்ஸு, கம்பளின்னு எல்லாத்தையும் வித்துட்டுப் போவாங்க. அதுல ஒருத்தர்கிட்ட ஒரு கேமரா இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு அதைக் கையில வாங்கிப் பாத்ததும் விழுந்துட்டாரு. திருகுற எடம் ஒவ்வொண்ணும் வெண்ணெயா வழுக்குச்சாம். கண்ணாடியில ஒரு நீலம் இருந்துச்சாம். சோறு தின்னும்போதும் அந்த நீலத்தைப் பத்தித்தான் பேச்சு.

வாங்குறதுக்கு முன்னாடி அம்பத்தூர் கடைத்தெருவுல ஸ்டூடியோ வச்சிருந்த ஒருத்தர்கிட்ட காட்டினாரு. நானும் கூட இருந்தேன். அவரு திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "பொருளு ஏ ஒன்னு அண்ணாத்தே. ஆனா வோணாம்"ன்னாரு. தன்கிட்ட இருந்த வேற மேக் கேமராவை எடுத்துக் காட்டி, "இது சுமாருதான். ஆனா மக்கர் பண்ணா மவுண்ட் ரோட்ல இத்த வித்த கடைக்காரனே பாத்துத் தருவான். அத்த யாரு பாப்பாங்க?"ன்னு கேட்டாரு.

"நான் கீறேன்ல?"ன்னாரு எங்க ஆளு. "அம்மாம் பெரிய எஞ்சினையே பிரிச்சு மாட்றேன். இந்த உள்ளங்கை சாமான் என்னிய இன்னா பண்ணிடும்?"

சும்மா சொல்லக்கூடாது, படம் அருமையா விழுந்துச்சு. எங்க வாசல்ல இருந்த வேப்பமரம் இலை இலையா தெரிஞ்சுது. குவாட்டர்ஸே வந்து பாத்துட்டுப் போச்சு. அவரு நெஞ்ச நிமித்திக்கிட்டு நடந்தாரு. நானும் தான், எதுக்கு மறைக்கணும்?

தங்கச்சி முழுகாம இருக்கான்னு சேதி வந்துச்சு. அம்மா இல்லாத பொண்ணு, அவளுக்குத் தாய்வீடுன்னா அது என் வீடுதான். எங்க வீட்டுக்கே கூட்டிக்கிட்டு வந்து, வளையல் அடுக்கி, பூ முடிச்சுடறதுன்னு பேசினோம். "மாமா, உங்க கேமராவுல எடுப்பீங்கல்ல?"ன்னு அவ கேட்டா. "உன்னிய எடுக்காம வேற யார எடுக்கப்போறேன்?"னாரு இவரு.

பாருங்க நேரத்தை. வளைகாப்பு நெருங்குற சமயத்துல கேமரா மக்கர் பண்ணுச்சு. அழுத்தினா சில சமயம் டிக்குன்னும், சில சமயம் சத்தமே வராது. மவுண்ட் ரோட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போனாரு. ஒரு கடையில, இந்த மேக்குக்கு இங்க ஆள் இல்ல, பம்பாய்க்கு அனுப்பணும், எப்ப வரும்னு சொல்ல முடியாதுன்னாங்க. இன்னொரு கடையில தொடவே மாட்டேன்னுட்டாங்க. தொட்டு ஒடைஞ்சா சாமான் கிடைக்காதாம். வெயில்ல கருத்துப்போய்த் திரும்பி வந்தாரு. "பொம்பள போடுற பொட்டு மாதிரி கீது உள்ள இருக்கிற திருகு. அதுக்குப் போயி பயப்புட்றானுங்க, கஸ்மாலம்"னு திட்டிக்கிட்டே தரையில வெள்ளைத் துணிய விரிச்சு, அவரே பிரிக்க உக்காந்தாரு.

ஃபிட்டருக்கு ஒரு பழக்கம் ரத்தத்துல ஊறிப்போனது. எது சிக்கினாலும் எண்ணெய். கதவுக் கீல் கத்தினா எண்ணெய், சைக்கிள் செயின் இறுகினா எண்ணெய். ஃபேக்டரியில எண்ணெய் காட்டாம விட்டா மேஸ்திரி கிழிகிழின்னு கிழிப்பாராம். என் தையல் மெஷின் டிராயர்ல இருந்த எண்ணெய் பாட்டிலை எடுத்துத் தரச் சொன்னாரு. ஊசி முனையில தொட்டு, கண்ணாடிக்குப் பின்னால எங்கயோ விட்டாரு. மூடிப் பூட்டி அழுத்தினாரு. டிக்! மறுபடி டிக்! தப்பவே இல்ல.

"கேட்டியாமே? மெஷின் நல்லா கீதா இல்லியான்னு சத்தமே சொல்லிடும்"னு கொழந்த மாதிரி சிரிச்சாரு. புது ஃபிலிம் போட்டு, விசேஷத்துக்குன்னு தனியா எடுத்து வச்சாரு. ஒரு படம் எடுத்துக் கழுவிப் பாக்கலாம்னு எங்க ரெண்டு பேருக்குமே தோணல. சத்தம்தான் நல்லா இருந்துச்சே.

வளைகாப்பு அன்னிக்குக் காலையிலேருந்து மல்லிப்பூ வாசனையில வீடே மெதந்துச்சு. பக்கத்து வீட்டு அம்மா வாழைப்பட்டையில மொட்டு வச்சுத் தச்சு, நடுவுல கனகாம்பரம் வச்சு, ஜடை நீளத்துக்கும் கட்டினாங்க. பச்சைப் புடவை, ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் வளையல். கழுத்தைத் திருப்ப முடியாம பாரத்தோட நடந்து வந்தா. ஸ்டூடியோக்காரரைக் கூப்பிடலாமான்னு நான் ஒரு வார்த்தை கேட்டேன். "ஊட்ல இந்த மாரி கேமராவ வச்சிகினு, ஸ்டூடியோவாமே ஸ்டூடியோ"ன்னு எங்க ஆளு மொறைச்சாரு. பக்கத்து வீட்டு நிலைக்கண்ணாடியை ரெண்டு பேரு தூக்கிட்டு வந்து வாசல் வெளிச்சத்துல சாய்ச்சு வச்சாங்க.

எங்க நைனா திரும்பி உக்காந்துக்கிட்டாரு. "நீ பாக்காத நைனா, நான் பாத்துக்கிறேன்"னு தங்கச்சி சிரிச்சா. எங்க வீட்டுக்காரரு கேமராவைக் கண்ணுல வச்சுக்கிட்டு, அப்படி நில்லு, இப்படி நில்லுன்னு பாடாப் படுத்தினாரு. டிக்குன்னுச்சு. இன்னும் கொஞ்சம் எடுத்தாரு. எல்லாம் டிக்கு டிக்குன்னுச்சு. அப்பறம் தங்கச்சியே, "மாமா, போதும். மிச்ச ஃபிலிம் புள்ளைக்கி இருக்கட்டும். பொறந்ததும் எடுத்து எல்லாத்தையும் ஒண்ணா கழுவிக்கலாம்"னா. சரின்னு மூடி அலமாரியில வச்சுட்டோம்.

புள்ள பொறந்துச்சு. பொண்ணு. தங்கச்சிக்கு ரத்தம் நிக்கல. ஆஸ்பத்திரியில எல்லாரும் ஓடினாங்க, நடந்தாங்க, என்னென்னமோ பண்ணாங்க. விடியறதுக்குள்ள என் தங்கச்சி போயிட்டா. இதை இதுக்கு மேல சொல்ல எனக்குத் தெம்பு இல்ல.

வீட்டுல கெடத்தியிருந்தோம். எங்க ஜனங்கள்ல யாராவது செத்தா, எடுக்குறதுக்கு முன்னாடி உக்கார வச்சு, சொந்தக்காரங்க சுத்தி நின்னு போட்டோ எடுத்துக்கறது உண்டு. வேற படமே இல்லாதவங்களுக்கு அதுதானே ஞாபகம். யாரோ, "ஸ்டூடியோக்காரர வரச் சொல்லட்டுமா?"ன்னு கேட்டாங்க. எங்க வீட்டுக்காரரு அழுதுக்கிட்டே எந்திரிச்சுப் போய் அலமாரியில இருந்த கேமராவை எடுத்துட்டு வந்தாரு. "வோணாம். இந்த மூஞ்சி வோணாம். பூ வச்சிகினு சிரிச்ச மூஞ்சி உள்ள கீது. அதான் வோணும் நமக்கு"ன்னாரு.

எல்லாரும் ஆமான்னாங்க. போட்டோன்னாலே மூஞ்சைத் திருப்பிக்கிற எங்க நைனா எந்திரிச்சு வந்து, அந்தப் பொட்டி மேல கை வச்சாரு. "உள்ள பத்ரமா கீறாளா?"ன்னு கேட்டாரு. "கீறா மாமா"ன்னாரு எங்க வீட்டுக்காரரு. அப்பறம் அவளைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.

காரியத்துக்கு மாலை போட்டு வைக்கப் படம் வேணும். ஃபிலிமை எடுத்துக்கிட்டு அம்பத்தூர் போனாரு. நான் கைக்கொழந்தையோட வாசல்லயே உக்காந்திருந்தேன். திரும்பி வந்தவரு கையில படம் இல்ல. ஈரம் காயாத ஃபிலிமை வெளிச்சத்துல தூக்கிக் காட்டினாரு. இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரைக்கும் வெறும் கண்ணாடி. அது வழியா எதிர்வீட்டுக் கதவு தெரிஞ்சுது. "ஒண்ணுமே விழல"ன்னாரு. சத்தம் கேட்டிருக்கு, ஃபிலிம் ஓடியிருக்கு, ஆனா உள்ள இருக்கிற கதவு தொறக்கவே இல்லன்னு ஸ்டூடியோக்காரரு சொன்னாராம்.

நான் வாயில வந்தபடி திட்டினேன். கேமராவைத் திட்டினேன், அதை வித்துட்டுக் கப்பலேறினவனைத் திட்டினேன். அந்தப் பொட்டியைத் தூக்கி ஏரியில போட்டுட்டு வந்துடுய்யான்னு கத்தினேன். காரியத்துக்கு ஒரு விளக்கை ஏத்தி வச்சு, அவ வளையல்ல ரெண்ட அது பக்கத்துல வச்சுக் கும்பிட்டோம்.

மாப்பிள்ளை வேற கல்யாணம் பண்ணிக்கிட்டு, புள்ளைய எங்ககிட்டயே விட்டுட்டாரு. எங்களுக்கும் புள்ள இல்ல. வளத்தோம். அவ பேசக் கத்துக்கிட்ட நாள்லேருந்து, "எங்கம்மா எப்டி இருந்தாங்க பெரிம்மா?"ன்னு கேப்பா. பச்சைப் புடவை, பூ ஜடை, கண்ணாடின்னு கதை மாதிரி சொல்லுவேன். "போட்டோ என்னாத்துக்கு? என் கண்ணுக்குள்ள கீறா உங்கம்மா"ன்னு வீராப்பாச் சொல்லுவேன்.

எங்க வீட்டுக்காரரு ஏரியில போடல. அந்தக் கேமராவைத் துணியில சுத்தி டிரங்குப் பெட்டி அடியில வச்சுட்டாரு. அதுக்கப்பறம்தான் அவருக்கு அந்தக் கேள்வி வந்துச்சு. கேமரா பேச்சு எடுக்குறவன் எவனா இருந்தாலும், ரிப்பேருக்கு எங்க போவேன்னு கேக்க ஆரம்பிச்சாரு. கேக்காத எடத்துலயும் கேட்டாரு. திருமழிசையில ஒரு கல்யாணத்துக்குப் போன எடத்துல, புதுக் கேமராவோட நின்ன மாப்பிள்ளை வீட்டுப் பையனைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. நான் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன். பஸ்ஸுல வரும்போது, "அந்த மேக்குக்கு இந்த ஊர்ல ஒரு சாமான் கெடச்சிருந்தா, ஒரு ஆளு இருந்திருந்தா..."ன்னு ஆரம்பிச்சு, முடிக்காமயே வெளிய பாத்துக்கிட்டு வந்தாரு.

தங்கச்சி பொண்ணு தாவணி போட்ட சமயம். மவுண்ட் ரோட்ல பஸ்ஸுல போகும்போது ஒரு போர்டைப் பாத்தாராம். அதே மேக் பேரு போட்டு, கீழ சர்வீஸ்னு எழுதியிருந்துச்சாம். எறங்க வேண்டிய எடம் வர்றதுக்கு முன்னாடியே எறங்கிட்டாரு. மறுநாளே கேமராவைக் கொண்டுபோய்க் குடுத்தாரு. "இப்ப இன்னாத்துக்குய்யா அது?"ன்னு கேட்டேன். "எந்த சாமான் ஒடஞ்சதுன்னு தெரிஞ்சிக்கணும்மே எனக்கு"ன்னாரு. எத்தனையோ வருஷமா அதே நெனப்பு அவருக்கு.

போய் வாங்கிட்டு வந்த அன்னிக்கு, செருப்பைக்கூடக் கழட்டாம கூடத்துல வந்து உக்காந்தாரு. கேமரா மடியில.

"இன்னா சாமான் மாத்துனாங்க?"ன்னு கேட்டேன்.

"ஒண்ணும் மாத்தல."

"அப்ப இன்னா ரிப்பேரு?"

"கழுவித் தந்தாங்க. உள்ள எண்ணெய் பட்டுருந்துச்சாம். அந்தக் கதவுத் தகடுல எண்ணெய் படவே கூடாதாம்மே. பட்டா வெயிலுக்கு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குமாம். முன்னால நான் கொண்டு போனப்ப வெறும் தூசிதான் சிக்கியிருக்கும்னான். தொடச்சிருந்தாலே போதுமாம்."

யாரு விட்ட எண்ணெய்னு நான் கேக்கல. என் மெஷின் டிராயர்லேருந்து பாட்டிலை எடுத்துக்கொடுத்தவளே நான்தான். அவரு தலையைத் தூக்கவே இல்ல. பாவி மனுஷா, எஞ்சினே பிரிப்பேன்னியேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா அவரைப் பாத்தா சொல்ல முடியல. நானும் யோசிச்சேன். அன்னிக்கு இல்லாமப்போனது சாமான் இல்ல. "அதுல எண்ணெய் விடாதய்யா"ன்னு சொல்ல ஒரு ஆளு. இந்தப் பட்டணத்துல அவ்ளோதான் இல்லாம இருந்துச்சு. அடுப்புல உலை கொதிச்சு வழிஞ்ச சத்தம் கேட்டு உள்ள போனேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பொண்ணு கேமராவைப் பாத்ததும் குதிச்சா. விஷயம் எதுவும் அவளுக்குச் சொல்லல. "பெரிப்பா, ரெடியாயிடுச்சா? என்னிய எடுங்க. எங்கம்மா நின்ன மாதிரியே எடுங்க"ன்னா. இவரு வேணாம் வேணாம்னு கையை ஆட்டினாரு. அவ விடல. ஞாயித்துக்கிழமை பூ வாங்கிட்டு வந்து, அதே பக்கத்து வீட்டு அம்மாவைத் தச்சுத் தரச் சொல்லி, என் பச்சைப் புடவை ஒண்ணைச் சுத்திக்கிட்டு, கண்ணாடிக்கு முன்னால போய் நின்னா.

"பெரிம்மா, எங்கம்மா மூஞ்சி இந்தப் பக்கமா இருந்துச்சா, அந்தப் பக்கமா?"

நான் கண்ணை மூடிப் பாத்தேன். புடவை தெரியுது, பூ தெரியுது, கையில இருக்கிற வளையல் தெரியுது. மூஞ்சி இல்ல. ஐயோ, என் இடுப்புல வச்சு வளத்த புள்ள, அவ எந்தப் பக்கம் திரும்பிச் சிரிச்சான்னு எனக்குத் தெரியல. கண்ணுக்குள்ள கீறான்னு அத்தனை வருஷம் சொன்னேனே!

"எடது பக்கம்"னு கேமராவுக்குப் பின்னாலேருந்து கொரல் வந்துச்சு. "தாடைய எறக்கு கண்ணு. இன்னும் கொஞ்சம். ஒரு கை வவுத்து மேல இருந்துச்சு. கண்ணு கண்ணாடியப் பாக்கல, உங்க தாத்தா உக்காந்திருந்த பக்கம் பாத்துச்சு. கீழ் ஒதட்ட லேசா கடிச்சிகினு இருந்தா." அந்தப் படம் அவருக்குள்ள அப்படியே இருந்துச்சு. எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்ல.

டிக்குன்னு சத்தம் கேட்டுச்சு. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். "இன்னொண்ணு எடு"ன்னேன். எடுத்தாரு. இன்னொண்ணுன்னேன். கழுத்து வலிக்குதுன்னு பொண்ணு சிணுங்குற வரைக்கும், ஃபிலிம் தீர்ற வரைக்கும் எடுத்தோம்.

இந்த வாட்டி விழுந்துச்சு. அத்தனையும் விழுந்துச்சு. அதுல ஒண்ணைப் பெருசாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்துல மாட்டினோம்.

தங்கச்சி திதிக்கு எங்க நைனா கள்ளிக்குப்பத்துலேருந்து வந்தாரு. கண்ணு பாதி மங்கிப்போச்சு அவருக்கு. நான் எப்பவும் போல விளக்கை ஏத்தி வளையலை எடுத்து வச்சுக்கிட்டு இருந்தேன். பொண்ணு தண்ணி பிடிக்க வெளிய போயிருந்தா. நைனா சுவத்தைப் பாத்தபடியே நின்னுட்டாரு. கிட்ட போயி கண்ணாடிச் சட்டத்தைத் தடவினாரு. "கெடச்சிட்டாளா? உள்ள பத்ரமாத்தான் இருந்தாளா?"ன்னாரு. திதிக்குன்னு இலையில கட்டிக்கொண்டாந்த பூச்சரத்தைப் பிரிச்சு, படத்து மேல போடக் கையைத் தூக்கினாரு.

நான் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடிச்சேன். "ஐயோ நைனா, போடாத! அது அவ இல்ல. அவ பொண்ணு. உசுரோட கீற புள்ள நைனா அது."

கையை எறக்கினாரு. படத்தைப் பாத்தாரு, விளக்கைப் பாத்தாரு. மூலையில நின்ன எங்க வீட்டுக்காரரைப் பாத்தாரு.

"அப்ப எம் பொண்ணு எங்க மாப்ள?"ன்னு கேட்டாரு.